மெழுகுவர்த்தி யோசனையைத் திருத்தி வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆலைப் பாதுகாப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், ‘கழிவுநீர்த் தொட்டிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி இறக்குங்கள்; அணையாவிட்டால் இறங்கலாம்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். படித்ததும் பதறிவிட்டேன்.

மெழுகுவர்த்தி அணைய வேண்டுமானால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16க்கு இறங்க வேண்டும். அதாவது தொட்டிக் காற்றில் கிட்டத்தட்டக் கால் பங்கு வேறு வாயு சேர்ந்திருக்க வேண்டும். கழிவுநீரிலிருந்து கிளம்பும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடுக்கு அவ்வளவு தேவையே இல்லை. 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), வெறும் 0.1 சதவீதம், இரண்டொரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மெழுகுவர்த்தி அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தாலோ அந்தச் சுடரே தொட்டியை வெடிக்க வைக்கும். மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மைத் தாண்டினால் அதன் அழுகிய முட்டை நாற்றம் சில நிமிடங்களில் தெரியாமல் போய்விடும்.

நம் டெல்டா அரிசி ஆலைகளில் நெல் ஊறிய தண்ணீர் புளித்துக் கிடக்கும் தொட்டிகளைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒன்றும் தெரியாது. வண்டலைக் கிளறியதும் வாயு கிளம்பும். ஆகவே தொட்டி வாயில் ஒருமுறை பார்ப்பது சோதனையே ஆகாது. ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை அளக்கும், பம்ப் உள்ள நான்கு வாயு மீட்டரின் குழாயை மேல், நடு, அடி என்று இறக்க வேண்டும். குழாயின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஐந்தாறு விநாடி, அதற்குமேல் சென்சார் நிலைக்க ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். ஆக்சிஜனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் எரிவாயுவை அளக்கும் கேட்டலிட்டிக் சென்சார், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மீத்தேனைக் குறைத்தே காட்டும். இறங்கியவர் வேலை முடிக்கும்வரை இன்னொரு மீட்டர் அவர் சட்டையிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மீட்டர் வழங்கும் விழாப் படங்களை ஆண்டுதோறும் போடுகிறீர்கள். கூடவே மீட்டரைச் சரிபார்க்க அளவு தெரிந்த வாயு அடைத்த சோதனை வாயு சிலிண்டர் வாங்கினார்களா என்று தங்கள் நிருபர் ஒருவரும் கேட்டதில்லை. பழுதுபார்க்க எங்களிடம் வரும் மீட்டர்களில் 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டினாலும் 0 என்றே நிற்பவை உண்டு. செத்த சென்சாரும் 0 காட்டும், சுத்தக் காற்றும் 0 காட்டும். வாயுவைக் காட்டிப் பார்க்காமல் வேறுபாடு தெரியாது. நச்சு வாயுவை அளக்கும் மின்வேதி சென்சார் இரண்டு மூன்று ஆண்டில் ஓய்ந்துவிடும். சித்திரை வெயிலில் வண்டிக்குள் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் அமிலக் கரைசல் அதற்கு முன்பே உலரும். ஐப்பசி மழையில் வடிகட்டியில் நீர் படிந்தால் வாயு உள்ளேயே போகாது. சிலிகான் ஸ்பிரே பட்டால் கேட்டலிட்டிக் சென்சார் கெட்டது கெட்டதுதான்.

இதற்கு முன் நெல் குடோன் ஒன்றின் படத்துக்குக் கீழே, நான்கு வாயு மீட்டரால் ‘பூச்சிமருந்து வாயு இல்லை என உறுதி’ செய்ததாக எழுதினீர்கள். நெல்லில் பூச்சியைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 3 கிராமிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். அதற்கான வரம்பு 0.3 பிபிஎம். அதை அளக்கப் பாஸ்பீனுக்கென்றே தனி சென்சார் வேண்டும். அன்றும் எழுதினேன், வெளியிடவில்லை.

2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 36ஆம் பிரிவு, தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும் என்றது. மெழுகுவர்த்திக்கு அதில் இடம் இருந்ததில்லை.

அந்தக் கட்டத்தை வெட்டி ஆலைச் சுவரில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஐயா. திருத்தத்தையும் அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாயு மீட்டர் பழுதுபார்ப்பவர்,
மன்னார்குடி.