ஏழு லட்சமும் ஒரு நஹாணி டிராப்பும்

செம்பூர், மும்பை
ஜனவரி 18

அன்புள்ள குட்டிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். விற்கும் முன் நம் ஃப்ளாட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று பொங்கலன்று போனில் நீ பேசப் பேச நான் ம் கொட்டிக்கொண்டே இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடாதே. பக்கத்தில் உன் தம்பி பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான், அவன் எதிரில் வாதம் பண்ண வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

மாப்பிள்ளை அனுப்பிய எக்ஸெல்லைப் பார்த்தேன். மாடுலர் கிச்சன், ஹாலுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், பாத்ரூம் முழுக்கப் புதுசு, பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங், பெயிண்ட், எல்லாம் சேர்த்து ஏழு லட்சம். கடைசி வரியில் பச்சை எழுத்தில் ‘விலையில் கூடுவது: பத்து லட்சம்’. இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று தம்பியைக் கேட்டேன். புரோக்கர் சொன்னாராம். ரயில்வே கணக்கு ஆபீஸில் ரிடையர் ஆகும்வரை உட்கார்ந்தவள் நான். ஒருத்தர் வாயால் சொன்ன தொகையை வரவுப் பக்கம் எழுத எனக்குக் கை வராது. புரோக்கருக்கு வீடு பளபளவென்று இருந்தால் காட்ட வசதி, சீக்கிரம் முடியும், கமிஷன் கைக்கு வரும். ஏழு லட்சம் அவர் பையிலிருந்து போகப்போவதில்லை.

உங்கள் டொராண்டோவில் விற்கும் முன் கிச்சனை மாற்றுவதும், வாடகைக்கு சோபா எடுத்துப் போட்டு வீட்டை அலங்காரம் பண்ணிக் காட்டுவதும் சகஜம் என்றாய். இருக்கலாம். அங்கே ஒரு தச்சரைக் கூப்பிட்டால் ஆகும் கூலிக்குப் பயந்து, பெட்டியோடு நேரே குடிபுகும்படி வீடு இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். இங்கே கதை வேறு. இரண்டாம் மாடியில் போன வருஷம் விற்றுப்போன ஃப்ளாட் உனக்கு ஞாபகம் இருக்கும், நவராத்திரிக்குச் சுண்டல் வாங்கப் போவாயே, அந்த வீடு. விற்பதற்கு முன் கறுப்பு கிரானைட் போட்டு, சிம்னி வைத்து, அலமாரி எல்லாம் புதிதாக அடித்திருந்தார்கள். வாங்கினவர்கள் சாவி கைக்கு வந்த வாரமே ஆளைக் கூட்டிவந்து அத்தனையையும் பெயர்த்தார்கள். அடுப்பு கிழக்கு பார்க்கவில்லையாம், சிங்க் இருக்கும் மூலை சரியில்லையாம். கிரானைட் பலகைகள் பத்து நாள் கேட்டோரம் சாய்ந்து கிடந்தன. வாட்ச்மேன் ஒரு துண்டை எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்து டீ போடும் மேடையாக்கிக்கொண்டார். வாங்குகிறவர் ரசனைக்கு நான் ஏன் ஊகத்தில் பணம் போட வேண்டும், சொல்?

இன்னொன்று. நம் கட்டடம் 1984-இல் கட்டியது. நாலு மாடி, லிஃப்ட் கிடையாது, நாம் உச்சி மாடி. முப்பது வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு முனிசிபாலிடி ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்ற சோதனை, கேட்கிறது, ஃப்ளாட்காரர்களின் சொசைட்டியும் பண்ணி வைத்திருக்கிறது. பழசை இடித்து பில்டர் புதிதாகக் கட்டித் தரும் ரீடெவலப்மெண்ட் பேச்சு ஒவ்வொரு ஜெனரல் பாடி மீட்டிங்கிலும் வருகிறது. முன்னெல்லாம் இதற்கு எழுபது எழுபத்தைந்து சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்பார்கள். 2019-இல் அரசாங்கம் மாற்றிய பிறகு 51 சதவீதம் போதும். பில்டர் இன்னும் யாரும் வந்தபாடில்லை, ஆனால் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். கார்பெட் ஏரியா எவ்வளவு, ஆடிட் ரிப்போர்ட் என்ன சொல்கிறது, நிலம் சொசைட்டி பேருக்கு மாறும் கன்வேயன்ஸ் ஆகிவிட்டதா. இடித்துக் கட்டினால் நமக்கு என்ன கிடைக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே படியேறி வருகிறவரிடம் நான் மாடுலர் கிச்சன் டிராயரை இழுத்துக் காட்டினால் சிரிப்பார். லோன் கொடுக்கிற பேங்கும் அப்படித்தான். வேல்யுவர் வந்து அளப்பார், கட்டடத்தின் வயசைப் பார்ப்பார், ஏரியா ரேட்டைப் பார்ப்பார். டைல்ஸுக்கென்று தனியாக அவர் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுபத்தைந்து லட்சத்துக்கு மேல் லோன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் பேங்க் தரக்கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி. மீதியையும், ஆறு சதவீத ஸ்டாம்ப் டியூட்டியையும் வீடு வாங்க வருகிற சின்னஞ்சிறு ஜோடி கையிலிருந்துதான் புரட்ட வேண்டும். அவர்களிடம் கிச்சனுக்குப் பத்து லட்சம் கூடக் கேட்டால் எதிர் பில்டிங்குக்குப் போய்விடுவார்கள்.

ரீடெவலப்மெண்ட் வரும்வரை பொறுத்தால் என்ன என்று எதிர்வீட்டு மாமி தினம் ஒரு தடவை கேட்கிறார். பில்டர் கட்டி முடிக்கும்வரை வாடகை வீட்டில் இருந்துவிட்டு, அப்புறம் பதினெட்டாவது மாடியில் நான் யாரோடு பேசுவேன்? முழங்கால் இப்போதே நாலு மாடிக்கு மறுக்கிறது. அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்காக ஒன்றும் செய்யாமல் விற்கிறேன் என்று சொல்லவில்லை. வருகிறவர் பயந்து திரும்பிப் போகக் காரணமாக இருப்பதை மட்டும் சரி செய்யப் போகிறேன். அதில் முதல் இடம் பாத்ரூமுக்கு. கீழ்வீட்டு சீலிங்கில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஈரம் பூத்திருப்பதை நீ போன தடவை வந்தபோதே பார்த்தாய். மேஸ்திரியை வரவழைத்தேன். மனுஷர் டைல்ஸைத் தன் கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே முட்டிபோட்டு நகர்ந்தார். பக்கெட் வைக்கும் மூலைவரை கெட்டியான சத்தம். தரைத் தண்ணீர் வடிகிற நஹாணி டிராப் பக்கம் வந்ததும் ‘டொப் டொப்’ என்று உள்ளே காலியான சத்தம். அதன் மேலிருந்த ஜாலி மூடியைத் தூக்கி விரலை விட்டுத் துழாவினார். டிராப்புக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சிமெண்ட் அப்படியே மணலாகக் கையோடு வந்தது. தண்ணீர் குழாயில் போகாமல் அந்த இடுக்கு வழியாக அடியில் இருக்கும் கோபா என்கிற செங்கல் ஜல்லிக்குள் இறங்கி, அங்கேயே ஊறி, கீழ்வீட்டுக் கூரையில் கசிகிறது. மேலே புது டைல்ஸ் ஒட்டினால் இது நிற்காது. பழைய கோபாவை ஸ்லாப்வரை தோண்டி எடுத்து, டிராப்பை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, மறுபடி கோபா போட்டு, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ். கூளத்தை நாலு மாடி தலைச்சுமையாக இறக்கும் கூலியோடு எழுபதாயிரம். அந்தத் தண்ணீர் சோதனை முடிந்து, கீழ்வீட்டில் போய் நானே சீலிங்கைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் கடைசி மூன்றில் ஒரு பங்கு பணம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், வீட்டுக்குள்ளிருந்து வரும் கசிவு மெம்பர் செலவு என்று சொசைட்டி பைலாவிலேயே, அதன் விதிப்புத்தகத்திலேயே, இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் புகார் எழுதிக் கொடுத்தால் விற்க ஆட்சேபம் இல்லை என்று சொசைட்டி தரும் என்.ஓ.சி. இழுபறியாகும். வாங்க வருகிறவர் இறங்கிப் போகும்போது கீழ்வீட்டு மணியை அடித்து ‘எப்படி இருக்கு பில்டிங்?’ என்று கேட்காமல் போவாரா?

ஹால் சீலிங்கில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிற இடம் இருக்கிறதே, அதை மாப்பிள்ளை பி.ஓ.பி. போட்டு மூடச் சொல்கிறார். மாட்டேன். அது மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கி வந்த வினை. மொட்டைமாடிக் கசிவும், அதனால் உச்சி மாடி சீலிங்கில் கெட்டுப்போன பூச்சும் சொசைட்டி செலவில் செய்ய வேண்டியவை. அதுவும் அதே பைலாவில்தான் இருக்கிறது. செக்ரட்டரிக்கு போட்டோ வைத்து லெட்டர் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். நம் பணத்தில் அதை மூடி மறைத்து விற்றால் ஜூன் மாதம் முதல் மழையிலேயே வண்டவாளம் தெரிந்துவிடும். எனக்கு அந்தப் பழி வேண்டாம்.

மற்றதெல்லாம் சில்லறை. பழைய ஃப்யூஸ் பெட்டியை எடுத்துவிட்டு ஓவர்லோட் ஆனால் தானே அணைகிற எம்.சி.பி., ஷாக் அடித்தால் டிரிப் ஆகிற ஸ்விட்ச், கிச்சன் வயரிங், எல்லாம் இருபத்தைந்தாயிரம். கிச்சனில் கடப்பா கல் அப்படியே இருக்கட்டும், சிங்க்கும் குழாயும் மட்டும் எட்டாயிரத்துக்கு மாற்றுகிறேன். ஈரம் நன்றாகக் காய்ந்தபிறகு பட்டி பார்த்து வீடு முழுக்க வெள்ளை, ஐம்பதாயிரம். ஆக மொத்தம் 1,53,000. தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போய்வந்துவிட்டு ஆரம்பம். ஏப்ரலுக்குள் முடித்தால் மழைக்கு முன் நாலு பேருக்குக் காட்டலாம்.

இப்போது பணம். உன் வீட்டின் மேல் லைன் ஆஃப் கிரெடிட் எடுத்து அனுப்புகிறேன் என்றாயே, கேட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது, கோபத்திலும்தான். உன் வீட்டை அடகு வைத்து, விற்கப்போகிற வீட்டுக்குக் கல் பதிப்பதா? வீடு விற்க ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆனால், அதுவரை ஏறி இறங்குகிற வட்டியை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நகை லோன் என்று தம்பி ஆரம்பித்தான், அந்த வளையல்கள் உன் பெண்ணுக்கு. இந்த ஃப்ளாட் மேலேயே லோன் வாங்கினால் ஒரிஜினல் பத்திரங்கள் பேங்க் பெட்டகத்துக்குப் போய்விடும். கடனை அடைத்த முப்பது நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளுக்கு ஐயாயிரம் அபராதம் என்று 2023-இல் ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டிருக்கிறது, சரி. ஆனால் ஒரிஜினலைக் காட்டச் சொல்லி எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் அந்த முப்பது நாள் உட்கார்ந்திருப்பாரா?

நான் செய்யப்போவது எளிது. என் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் ஓ.டி., அதாவது வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கும் கடன், எழுதி வாங்கியிருக்கிறேன். எஃப்.டி.க்கு வட்டி ஏழு, ஓ.டி.க்கு எட்டு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. முழுசும் ஆறு மாதம் வைத்திருந்தாலும் ஆறாயிரத்துச் சொச்சம். அதே நேரம் அதே அளவு பணத்துக்கு எஃப்.டி. ஏழு சம்பாதித்துக்கொண்டிருப்பதால், கையை விட்டுப் போவது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. வாங்குகிறவரின் டோக்கன் முன்பணம் வந்த அன்றே அடைத்துவிடலாம். சீனியர் சிட்டிசன் டெபாசிட்டைத் தொடவே போவதில்லை, அதுதான் என் மாசச் சாப்பாடு.

செலவு செய்தால் வரியில் கழிக்கலாமே என்றும் எழுதியிருந்தாய். பெயிண்ட்டும் ரிப்பேரும் கழியாது. வீட்டையே மேம்படுத்துகிற செலவுதான், அதுவும் பில் இருந்தால்தான் கழியும். அப்படியே ஏழு லட்சமும் கழிந்ததாக வைத்துக்கொள், விற்ற லாபத்துக்கான 12.5 சதவீத வரியில் மிச்சமாவது 87,500. அதற்காக ஏழு லட்சம் செலவழிக்கச் சொல்லாதே. நான் எப்படியும் இரண்டு வருஷத்துக்குள் கோயம்புத்தூர் வடவள்ளியில் சித்தி வீட்டுப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கிவிடுவேன், அதிலேயே பெரும் பகுதி வரி போய்விடும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார்.

ஆக உன்னிடமிருந்து எனக்குப் பணம் வேண்டாம். வேண்டியது ஒரு பேப்பர்.

1988-இல் வீடு வாங்கின அக்ரிமெண்ட் அப்பா பேரில் மட்டும் இருக்கிறது. சொசைட்டியில் நாமினி நான், மெயின்டனன்ஸ் பில்லும் என் பேரில் வருகிறது, அதனால் வீடே என் பேருக்கு வந்துவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாமினி சொசைட்டிக்குப் பதில் சொல்லலாம், விற்க முடியாது. நான், நீ, தம்பி மூன்று பேருக்கும் பங்கு உண்டு. தம்பி நேரில் வந்து தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் ரிலீஸ் டீட் போட்டுவிடுவான். நீ போடாமல் நேரே விற்பவர்களில் ஒருத்தியாகக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? எனக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரியாகப் பிடித்துக் கட்டினால் போதும். நீ வெளிநாட்டில் இருப்பதால் உன் பங்குக்கு 12.5 சதவீதமும் அதற்கு மேலேயும் பிடிக்க வேண்டும், படிவங்களும் வேறு. இதைக் கேட்டதும் பாதிப் பேர் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று எழுந்துவிடுவார்கள். எந்த கிரானைட்டாலும் அவர்களைத் திரும்ப உட்கார வைக்க முடியாது.

பங்கு வேண்டாம் என்று நீ அப்பா காரியம் முடிந்த அன்றே சொன்னாய். சொன்னது போதாது, பதிவாக வேண்டும். ஆனால் மாப்பிள்ளையோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட்டுச் செய். மனசு மாறினால் கூச்சப்படாமல் சொல்லு, அதற்கேற்ற மாதிரி எழுதிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

வக்கீல் பவர் ஆஃப் அட்டர்னி வாசகம் எழுதித் தந்திருக்கிறார். தம்பி பேருக்கு, இந்த ஃப்ளாட்டுக்கு, இந்த ஒரு ரிலீஸ் டீடுக்கு மட்டும். தம்பி அதை மெயிலில் அனுப்புவான். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் பிரிண்ட் எடுத்து, கான்சலேட்டில் நேரம் வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடு. பாஸ்போர்ட்டில் இருக்கிற பேர்தான் எழுதவேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினதா முந்தினதா என்று ஒரு தடவை சரி பார்த்துக்கொள். அந்தப் பேப்பர் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே ஸ்டாம்ப் பண்ண வேண்டும், அதனால் தம்பி லீவு எப்போது என்று கேட்டுக்கொண்டு அனுப்பு. கூரியரை அவனுடைய புனே விலாசத்துக்கே போடு. இங்கே வருகிற பையன் நாலு மாடி ஏற அலுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அந்த கிரானைட் மேடையில் வைத்துவிட்டுப் போகிறான், மேலே டீக்கறை வேறு.

அன்புடன்,
அம்மா