பாடநூல் குழுவினருக்கு: தலைக்கோட்டைக்கு முந்தைய பக்கம் எங்கே?

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தலைக்கோட்டைப் போரை வருடம் தவறாமல் நடத்தியவன், வகுப்பறையில்தான். 1565 ஜனவரி 23, கிருஷ்ணா நதிக்கரை, தக்காண சுல்தான்கள் ஒன்று சேர்ந்தார்கள், ராமராயர் தலை போனது, விஜயநகரம் சூறையாடப்பட்டது. நாலு வரி, இரண்டு மதிப்பெண். மணியடித்தால் அடுத்த பாடம்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சார், இவங்க ஏன் அதுக்கு முன்னாடியே சேரல?" என்று கேட்டாள். பாடநூலைப் புரட்டினேன். பதில் இல்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

தக்காண சுல்தான்கள் அதற்கு முன் சேராததற்குக் காரணம், ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டிருந்ததுதான். அந்தச் சண்டைகளில் அடிக்கடி யாராவது ஒருவர் பக்கம் ராமராயர் நின்றார். விஜயநகர அரியணையில் சதாசிவராயர் இருந்தாலும் அதிகாரம் முழுக்க இவர் கையில். அந்தச் சுல்தான்களில் ஒருவரான கோல்கொண்டாவின் இப்ராஹிம் குதுப் ஷா பட்டத்துக்கு வருமுன், அண்ணனுக்குப் பயந்து ஓடிவந்து ஏழு வருடம் தங்கியிருந்தது விஜயநகரத்தில்தான். 1550-இல் அங்கிருந்து போய் அரசரானார். இதே இப்ராஹிம்தான் 1565-இல் எதிர்ப்படையில் நின்றார். இவ்வளவையும் 'மதப் பகை' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

பிஜப்பூர் சுல்தான் அலி அடில் ஷா கதை இன்னும் விசேஷம். ராமராயரின் மகன் இறந்தபோது, நூறு குதிரை வீரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க விஜயநகரத்துக்கே வந்தார். அண்டை நாட்டு அரசன் அவ்வளவு சிறிய படையோடு தலைநகருக்குள் வருவது சாதாரண விஷயமா? ராமராயரின் மனைவி அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். மூன்று நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது ராமராயர் ஊருக்கு வெளியே வரை வந்து வழியனுப்பவில்லை. அது அலியின் மனதில் தைத்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதுகிறார். நம் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவோம், வீட்டார் வாசலுக்கு வந்து வழியனுப்புவதும் இல்லை. ராமராயர் அதனால்தான் போகவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சு கூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் அகமதுநகர். பிஜப்பூர், கோல்கொண்டா, விஜயநகரம் மூன்றும் சேர்ந்து அதன் சுல்தான் உசேன் நிஜாம் ஷாவை நெருக்கின. அவர் சமாதானம் கேட்டார். ராமராயர் வைத்த நிபந்தனைகள் மூன்று. கல்யாணிக் கோட்டையை பிஜப்பூருக்குத் திருப்பித் தர வேண்டும். உசேனுக்கு உதவிக்கு வந்து முற்றுகைப் படைக்குத் தொல்லை கொடுத்த பெரார் சுல்தானின் தளபதி ஜஹாங்கீர் கானைக் கொல்ல வேண்டும். உசேன் நேரில் வந்து ராமராயர் கையால் தாம்பூலம் வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டையும் தலையும் போனதைவிட அந்த வெற்றிலைதான் அவருக்குக் கசந்திருக்கும் என்பது என் எண்ணம். கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் சின்னவர் என்று ஊரறியக் காட்டுகிற சடங்கு அது.

உசேன் கூடாரத்துக்கு வந்தார். ராமராயர் கையைப் பிடித்து வரவேற்றார். உசேன் உடனே தண்ணீர் வரவழைத்து, எல்லார் எதிரிலும் அந்தக் கையைக் கழுவினார். விருந்தாளியாக வந்திராவிட்டால் நடப்பதே வேறு என்று ராமராயர் கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டு, தானும் தண்ணீர் கேட்டுக் கை கழுவினார். அதற்குப் பிறகும் பேச்சு முறியவில்லை! கல்யாணியின் சாவி கைமாறி பிஜப்பூருக்குப் போனது. காகிதத்தில் சமாதானம் ஆகிவிட்டது.

சரி, பெரிஷ்டா பிஜப்பூர் அரசவையில் இருந்து, சில பத்தாண்டுகள் கழித்து எழுதியவர். கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார். அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரு சான்றை எப்படிப் படிப்பது என்பதும் பாடம்தானே.

கடைசியில் அகமதுநகரும் பிஜப்பூரும் சேர்ந்தது ஒரு சீதன விவகாரம் தீர்ந்த பிறகுதான். 1524-இல் பிஜப்பூர் இளவரசி மரியத்தை அகமதுநகரின் புர்ஹான் நிஜாம் ஷாவுக்குக் கொடுத்தபோது சோலாப்பூர் கோட்டையும் சீதனமாகப் பேசப்பட்டது. பெண் போனாள், கோட்டை போகவில்லை. அந்தப் பாக்கிக்காக இரண்டு தலைமுறை அடித்துக்கொண்டது. பிறகு உசேன் தன் மகள் சாந்த் பீபியை அலிக்குக் கொடுத்து, அப்போது தன் வசமிருந்த அதே சோலாப்பூரைச் சீதனமாக அனுப்பினார். அலியின் தங்கை உசேனின் மகன் முர்தசாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்து வழக்கை முடித்த கையோடு, ராய்ச்சூர், முத்கல் கோட்டைகளைத் திருப்பித் தரச் சொல்லி அலியின் தூதர் விஜயநகரம் போனார். ராமராயர் அவரை விரட்டிவிட்டார். பெரார் மட்டும் கூட்டணியில் சேரவில்லை. தன் தளபதியைப் பலிகொடுத்த அகமதுநகரோடு அது எப்படிச் சேரும்?

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திராவுக்கும் நடுவில் ராய்ச்சூர், முத்கல், அதற்கு வடக்கே கல்யாணி, சோலாப்பூர் என்று கோட்டைகளைக் குறித்த ஒரு வரைபடம். கை கழுவிய கதைக்கு ஒரு பத்தி. இடம் இல்லை என்றால் பயிற்சியில் 'தலைக்கோட்டைப் போர் நடந்த ஆண்டு ____' என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்வியை எடுத்துவிடலாம். அதற்கு விடை பாடத்தின் தலைப்பிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்