33-க்குப் பக்கத்தில் இன்னொரு பெயர்

சேப்பல் ஹில், வட கரோலினா பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கடந்த குளிர்காலத்தில் ஒரு மாலை, ஊரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரை டீன் ஸ்மித் அரங்குக்கு அழைத்து வந்திருந்தேன். கூடைப்பந்து ஆட்டம் தொடங்க நேரமிருந்ததால், கூரையிலிருந்து தொங்கும் சட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, 23 என்றால் ஜோர்டன், 52 என்றால் வொர்த்தி, 33 என்றால் ஜேமிசன், இந்த எண்களை இனி எவரும் அணிய மாட்டார்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர் சற்று நேரம் மேலே பார்த்துவிட்டு, "அப்படியானால் அங்கே இருக்கும் இன்னொரு 33?" என்று கேட்டார். "அது சார்லி ஸ்காட். அது சும்மா மரியாதைக்கு மாட்டியது" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன மறுகணமே வெட்கப்பட்டேன். ஆனால் 'ஓய்வளிக்கப்பட்ட எண்' (இனி எவரும் அணியக் கூடாதது) என்றும் 'கௌரவிக்கப்பட்ட சட்டை' (கூரையில் தொங்கினாலும் எண்ணைப் பிறர் அணியத் தடையில்லாதது) என்றும் நீங்கள் வகுத்திருக்கும் வேறுபாட்டைத் தமிழில் அதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வதென்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த மாலைதான்.

சார்லி ஸ்காட் யார் என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது முறையாகாது. உங்கள் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கான உதவித்தொகை அளித்துச் சேர்த்துக்கொண்ட முதல் கறுப்பின வீரர் அவர் என்பதும், முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாத அந்தக் காலத்தில் மூன்றே பருவங்களில் 2,007 புள்ளிகளை, ஆட்டத்துக்குச் சராசரி 22.1 வீதம், எடுத்தார் என்பதும், 1968-இலும் 1969-இலும் அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு இடங்களுக்குள் நுழைய முக்கியக் காரணமாக இருந்தார் என்பதும், மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார் என்பதும் உங்கள் ஏடுகளிலேயே இருப்பவை. அந்த ஏடுகளை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஏற்கெனவே ஓய்வளிக்கப்பட்டுவிட்ட 33 என்ற எண்ணை ஆன்ட்வான் ஜேமிசனுக்கும் சார்லி ஸ்காட்டுக்கும் உரியதாக, இரு பெயர்களிலும் அறிவியுங்கள்.

விதி இடம் தரவில்லை என்பீர்கள். நாட்டின் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதை வென்றவருக்கு மட்டுமே எண்ணுக்கு ஓய்வு என்பது உங்கள் விதி. ஃபில் ஃபோர்டும் ஜோர்டனும் ஜேமிசனும் ஹான்ஸ்ப்ரோவும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். நானும் நெடுங்காலம் அதை நேர்மையான விதி என்றே எண்ணியிருந்தேன். விருப்பு வெறுப்புக்கு இடம் கொடாத விதி என்று பிறரிடம் வாதாடியும் இருக்கிறேன். ஸ்காட் அந்த விருதை வெல்லவில்லை என்பதும் உண்மை. 1969-இல் அது லூ அல்சிண்டருக்கும் 1970-இல் பீட் மராவிச்சுக்கும் போயிற்று. அவர்களைவிட ஸ்காட் சிறந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. விருது என்பது வாக்கு. வாக்களித்த கண்கள் ஸ்காட்டை எப்படிப் பார்த்தன என்பதைத் தெரிந்துகொள்ள நாடு முழுவதும் தேட வேண்டியதில்லை. அவர் நாள்தோறும் ஆடிய ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்னும் தம் சொந்தப் போட்டிப் பிரிவில் 1969 மார்ச் மாதம் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

அந்த மாதத்தைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள் என்று வேண்டுகிறேன். சார்லட் நகரில் டியூக் அணிக்கு எதிரான ஏ.சி.சி. இறுதி ஆட்டத்தில், பின்தங்கியிருந்த அணியை இரண்டாம் பாதியில் தனியொருவராகத் தூக்கி நிறுத்தி 40 புள்ளிகள் எடுத்தார் ஸ்காட். அணி 85-74 என்று வென்றது. ஆயினும் ஏ.சி.சி. பிரிவின் ஆண்டின் சிறந்த வீரராகப் பத்திரிகையாளர்கள் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜான் ரோச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். ரோச் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அவருக்கு வாக்களித்ததில் தவறு காண நான் முனையவில்லை. ஆனால் வாக்களித்தவர்களில் சிலர், அந்தப் பிரிவின் மிகச் சிறந்த ஐந்து பேர் என்று தாங்கள் எழுதிய பட்டியலில்கூட ஸ்காட்டின் பெயரைச் சேர்க்கவில்லை. 40 புள்ளிகளைக் கண்ணால் கண்டவர்கள் ஐந்தில் ஒருவராகக்கூட அவரை எழுத மறுத்ததற்கு அவருடைய நிறத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று ஸ்காட் அப்போதே நம்பினார், பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். அவருக்கு அப்போது வயது இருபது. அடுத்து வரும் ஆட்டத்தில் ஆடப்போவதில்லை என்ற முடிவின் விளிம்புவரை அவர் போனார்.

அந்த ஆட்டம் டேவிட்சன் கல்லூரிக்கு எதிரான, தேசியப் போட்டியின் கிழக்கு மண்டல இறுதி. பள்ளி மாணவராக இருந்தபோது ஸ்காட் முதலில் சேர ஒப்புக்கொண்டிருந்ததும் அதே டேவிட்சன்தான். அவர் ஆடினார். 32 புள்ளிகள் எடுத்தார். 85-85 என்று சமநிலையில் நின்ற ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பந்து அவர் கைக்கே வந்தது. அவர் எழும்பி எறிந்த பந்து கூடைக்குள் விழுந்து 87-85 என்று உங்கள் அணியைக் கடைசி நால்வர் சுற்றுக்கு அனுப்பியது. தம்மை மனிதனாக மதிக்கத் தயங்கிய ஒரு வட்டாரத்துக்கு அந்த வெற்றியைக் கொடுத்துவிட்டு, சக வீரர்கள் கொண்டாடப் போன இடங்களுக்குத் தாம் போக முடியாதவராகவும் அவர் இருந்தார். அடுத்த பருவத்தில் சராசரி 27 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். ஏ.சி.சி. விருது மறுபடியும் அவருக்கு இல்லை.

இப்படிப்பட்ட வாக்குகளின் மேல் எழுப்பிய அளவுகோலைக் கொண்டு, அந்த வாக்குகளால் காயப்பட்ட மனிதரையே அளப்பது நியாயமா என்று கேட்கிறேன். உங்கள் விதியை எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்காட்டைப் போன்ற ஒருவரை அது எட்ட முடியாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

விதியை வளைப்பது உங்களுக்குப் பழக்கமில்லாத செயலும் அன்று. ஓய்வளிக்கப்பட்டவர்களின் வரிசையில் ஜேக் காப் இருக்கிறார். 1920-களின் நடுவில் ஆடிய அவருக்குச் சட்டையில் எண்ணே கிடையாது. 1926-இன் சிறந்த வீரர் என்று அவரை அறிவித்த ஹெல்ம்ஸ் அறக்கட்டளை தோன்றியதே 1936-இல்தான். அதாவது, பல ஆண்டுகள் கழித்துப் பின்னோக்கிப் பார்த்து, இவரே அன்று சிறந்தவர் என்று சொன்னார்கள், அதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். ஏற்றது சரியே. எண்ணே இல்லாத ஒருவருடைய சட்டைக்கு ஓய்வளிக்க வழி கண்ட நீங்கள், 33 என்ற எண்ணோடு மூன்று ஆண்டுகள் அத்தனை வசவுகளுக்கு நடுவே ஆடிய ஒருவருக்கு வழி காண முடியாது என்று சொல்லும்போது, என்னால் அதை ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

ஓர் எண்ணுக்கு இரு உரிமையாளர்கள் என்பதும் புதுமையல்ல. ஸ்காட் பிறந்து வளர்ந்த நியூயார்க்கிலேயே நிக்ஸ் அணி 15 என்ற எண்ணை டிக் மெக்குவயருக்கும் ஏர்ல் மன்றோவுக்கும் சேர்த்து ஓய்வளித்திருக்கிறது. யாங்கீஸ் பேஸ்பால் அணியில் 8 என்ற எண் பில் டிக்கிக்கும் யோகி பெர்ராவுக்கும் உரியது. இதனால் அவர்களில் எவருடைய பெருமையும் குறையவில்லை. ஜேமிசனுடைய பெருமையும் குறையாது. நீங்கள் இழக்கப் போவதும் எதுவுமில்லை: 33-ஐ இனி எந்த மாணவரும் அணியப் போவதில்லை, புதிதாக ஓர் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதும் இல்லை.

ஒருவருக்குத் திறந்தால் வின்ஸ் கார்ட்டருக்கும் சாம் பெர்கின்ஸுக்கும் திறக்க வேண்டிவரும் என்று உங்களில் சிலர் அஞ்சக்கூடும். அவர்கள் மாபெரும் வீரர்கள். ஆனால் நான் காட்டும் வாசலில் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள், ஏனென்றால் முதல்வராக வந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது பார்வையாளர் ஒருவர் ஸ்காட்டை நோக்கிக் கூவிய இழிசொல்லைக் கேட்டு, எப்போதும் அமைதியாக இருக்கும் பயிற்சியாளர் டீன் ஸ்மித் சினந்து அந்த மனிதரை நோக்கிப் பாய்ந்ததும், துணைப் பயிற்சியாளர்கள் அவரைப் பிடித்து நிறுத்தியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த டீன் ஸ்மித்தின் பெயர் தாங்கிய கூரையின் கீழ்தான் இந்த இரண்டாம் வரிசை மரியாதை தொங்குகிறது.

இன்னொன்றையும் மனத்துக்குள் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைக்காக 1913-இல் உங்கள் வளாகத்தில் எழுப்பிய சிலை, ஸ்காட் மாணவராக அங்கே நடமாடிய நான்கு ஆண்டுகளும் அங்கேதான் நின்றது. 2018 ஆகஸ்டில் மாணவர்களும் பொதுமக்களும் இழுத்து வீழ்த்தும்வரை நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மன்றம் ஸ்காட்டை ஏற்றுக்கொண்டது. அந்தச் சிலையை அகற்ற முடியாதென்று சொல்ல விதி கிடைத்தது. ஒரு மனிதரின் பெயரை எழுதவும் விதியே குறுக்கே நிற்கிறது என்று கேட்கும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே முந்துகிறது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் அணியை நேசிப்பவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

சார்லி ஸ்காட் 1948-இல் பிறந்தவர். அரங்கின் நடுவில் நின்று, தம் குடும்பத்தோடு தலைநிமிர்ந்து மேலே பார்க்கும் உடல்நிலை அவருக்கு இருக்கும்போதே இது நடக்க வேண்டும். ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: விதியில் ஒரு வரி சேர்த்தோ, சேர்க்காமல் ஒரு தீர்மானமாகவோ, வரும் பருவத்தின் உள்ளூர் ஆட்டம் ஒன்றில் 33-ஐ ஜேமிசன், ஸ்காட் என்ற இரு பெயர்களிலும் ஓய்வளித்து அறிவியுங்கள். முடியாது என்று தீர்மானித்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள்.

நன்றியுடன்,
மோரிஸ்வில்லில் வசிக்கும், உங்கள் அணியின் நெடுநாள் ரசிகன்