ரிமோட்டை அழுத்தியவள் எழுதுவது

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயர்ப்பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் படத்தை மருமகன் அனுப்பினான். கூடவே ஒரு வரி கூட எழுதவில்லை. போட்டோ ஸ்டுடியோவை ஏன் மூடினீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு போன் செய்திருக்கலாம். அப்பா உட்கார்ந்த இடம் அது. எனக்கும் அவர்தான் அப்பா.

கோபத்தில் தொடங்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். எழுத வந்தது வேறு விஷயம். இங்கே நூலகச் சுவரில் தொங்கும் ஹம்மிங்பேர்டு (ரீங்காரச் சிட்டு) படத்தின் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று ஊகிக்க முடிகிறது. சொன்னது உண்மைதான். அந்த அட்டையை மாற்றச் சொல்லி நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதை மன்னிப்புக் கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி அப்படி இருக்கலாம். மீதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் மட்டும் படிக்கப் போகிற கடிதம் இல்லை இது. அதனால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றை மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட். தோட்டத்துக்கு வருவது அன்னா ஹம்மிங்பேர்டு. எடை நான்கு கிராமை ஒட்டி, நம் ஊர் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்தான். அந்தரத்தில் நிற்கும்போது நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் சிறகடிக்கும். ஆண் பறவைக்குத் தொண்டையும் உச்சந்தலையும் ரோஜாவும் கத்தரிப்பூவும் கலந்த நிறத்தில் மின்னும். ஆனால் அது சாய நிறம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிகிற நிறம். கோணம் தப்பினால் அதே தொண்டை கரியாகத் தெரியும். நீங்கள் வருவதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க நான் எடுத்தவை எல்லாம் கரித்தொண்டைப் படங்கள். ஷட்டர் வேகத்தை 1/4000 நொடிக்கு ஏற்றினால் படம் இருட்டிப் புள்ளி புள்ளியாக வரும், அப்போதும் சிறகு நுனி கலங்கித்தான் இருக்கும். அவற்றை உங்களுக்கு அனுப்பியபோது நீங்கள் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினீர்கள். அந்தக் கட்டைவிரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு வந்தீர்கள். பெட்டியில் பாதி உடன்குடிக் கருப்பட்டி, பாதி ஸ்டுடியோவின் பழைய ஃபிளாஷ்கள். விமான நிலையத்தில் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்களோ! முதல் சண்டையே அந்தக் கருப்பட்டியால்தான். பறவைக்கு வைக்கும் குப்பியில் ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நாலு பங்கு தண்ணீர், வேறு எதுவும் கூடாது என்றேன். "உலகமே வெள்ளைச் சீனி விஷம் என்கிறது, நீ குருவிக்கு அதைத்தான் கொடுக்கிறாயா?" என்று கேட்டீர்கள். கருப்பட்டி, வெல்லம், பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றில் இருக்கும் இரும்பு அந்த உடம்புக்குக் கெடுதல், தேன் கரைசலில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், சிவப்புச் சாயமும் தேவையில்லை என்று சொன்னேன். நீங்கள் உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தீர்கள். எத்தனை வயதானாலும் நான் சொல்வதை இன்னொரு ஆண் தலையாட்டிய பிறகுதான் நம்புவீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். டிசம்பர் குளிரிலும் இந்தப் பறவை ஏன் தெற்கே போகாமல் இங்கேயே கிடக்கிறது என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் இது மெக்சிகோவின் பாஹா பகுதியிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் மட்டும்தான் பெரும்பாலும் கூடு கட்டியது, வீட்டுத் தோட்டங்களில் நட்ட வெளிநாட்டுச் செடிகளையும் சீனித்தண்ணீர்க் குப்பிகளையும் பிடித்துக்கொண்டு வடக்கே கனடா வரை பரவிவிட்டது என்று விளக்கினேன். "சோறு கிடைத்த இடத்தில் தங்கிவிட்டது, உன்னை மாதிரி" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு தூங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

நான் எழுந்து வருவதற்குள் பின்கட்டின் நிழலில் வேலையைத் தொடங்கியிருந்தீர்கள். குப்பியில் இருந்த சிவப்புத் துளைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை டேப் ஒட்டி அடைத்திருந்தீர்கள். பின்னால் கொடியில் என் பச்சைப் பட்டுச் சேலை. அலமாரியில் இருந்து யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கத்தினேன். "வெளிர் பச்சை. ஃபோகஸ் போய்விட்டால் தோட்டமாகத் தெரியும்" என்றீர்கள். நான்கு ஸ்டாண்டுகளில் நான்கு ஃபிளாஷ்கள், உங்களுடையவை மூன்று, என்னுடையது ஒன்று. என்னுடையது எரிந்ததும் மற்ற மூன்றும், அந்த ஒளியைக் கண்டுகொள்ளும் ஸ்லேவ் கண்ணால், தாமாக எரியும். எல்லாவற்றையும் முழு வலுவில் 1/32 பங்குக்குக் குறைத்து, பறவை நிற்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நெருக்கமாக வைத்திருந்தீர்கள்.

எனக்குப் புரியவில்லை. வெளிச்சம் போதாமல்தானே ஃபிளாஷ், அதை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் விளக்கவில்லை, "அட்சதைப் படம்" என்றீர்கள், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் அரிசி மணிகள் காற்றில் நின்றுகொண்டிருக்கும் அந்தப் படம் அம்பாசமுத்திரத்தில் எத்தனை வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது! ஃபிளாஷ் முழு வலுவில் எரிந்தால் ஆயிரத்தில் ஒரு நொடிக்குப் பக்கமாக நீடிக்கும். குறைத்தால் வெளிச்சத்தோடு நேரமும் சுருங்கிப் பத்தாயிரத்தில் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். சிறகை நிறுத்துவது அதுதான். ஷட்டர் 1/200 நொடியில் சும்மா திறந்து மூடினால் போதும். "ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடு. முழுக் கறுப்பாக வந்தால் சரி" என்றீர்கள். கறுப்பாக வந்தது.

பிறகு உட்கார்ந்து பறவையைப் பார்த்தீர்கள். அரை நாள் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரு குளிர்காலத்தில் படாதது உங்களுக்கு அன்றைக்குப் பட்டது. குடித்து முடித்ததும் ஒரு சாண் பின்வாங்கி அந்தரத்தில் நின்று, திரும்பவும் வந்து குடிக்கிறது. அந்த ஒரு சாண் தூரத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி ஃபோகஸை வைத்துப் பூட்டினீர்கள்.

முதலில் வந்த படங்களில் சிறகு கல்லில் செதுக்கியதாக நின்றது. தொண்டை மட்டும் கரி. நீங்கள் பக்கவாட்டில் இருந்த ஒரு ஃபிளாஷை எடுத்து லென்ஸுக்கு நேர் மேலே கொண்டுவந்தீர்கள். "கல் மூக்குத்தி மாதிரி. பார்க்கிற இடத்தில் இருந்தே வெளிச்சம் போக வேண்டும்." எத்தனை மணப்பெண்களின் மூக்குத்தியை எடுத்த கை!

அப்புறம் ரிமோட்டை என்னிடம் நீட்டினீர்கள். "நீயே அழுத்து."

நீங்கள் ஏன் அழுத்தவில்லை என்பதை எழுத மாட்டேன். அம்மா யாரையாவது படித்துக் காட்டச் சொல்வார். காபி டம்ளரை நீங்கள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததை நான் அந்த வாரம் முழுக்கப் பார்க்காதவள் மாதிரி... போதும்.

வந்தது. குடித்தது. பின்வாங்கியது. அழுத்தினேன். திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையில் இருந்து உச்சி வரை நெருப்புப் பிடித்த நிறம். சிறகின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அலகு நுனியில் நாக்கு ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தீர்கள். "ஓரத்தில் சேலை ஜரிகை தெரிகிறது" என்றீர்கள். வேறு ஒரு சொல் இல்லை.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அண்ணா.

படத்தை அனுப்பச் சொல்லி நூலகத்தில் கேட்ட படிவத்தில் "எடுத்தவர்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. என் பெயரை எழுதினேன். கேமரா என்னுடையது, தோட்டம் என்னுடையது, விரல் என்னுடையது. இங்கே எல்லோருக்கும் அழுத்தியவர்தான் எடுத்தவர். இந்தக் குறிப்பிட்ட படத்தில் அழுத்தியவளுக்கு எவ்வளவு பங்கு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஷட்டர் எதையும் நிறுத்தவில்லை என்று மேலே நானேதான் எழுதியிருக்கிறேன். ஒளிதான் நிறுத்தியது, ஒளியை அளந்து வைத்தது நீங்கள். ஆனால் அந்தப் பறவை அங்கே ஏன் வந்தது? வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை குப்பியைக் கழற்றி, துளை துளையாகத் தூரிகை விட்டுக் கழுவி, சீனி கரைத்து ஆற வைத்து ஊற்றியவள் யார்? உங்கள் ஃபிளாஷ் பளிச்சிட்டும் அது மிரண்டு ஓடாமல் திரும்பத் திரும்ப வந்தது, அந்த முற்றத்தில் அதற்கு அவ்வளவு பழக்கம் இருந்ததால்தான். அந்தப் பழக்கத்தை வளர்த்தது நான். அதற்குப் பெயர் போட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பாருங்கள், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவள் கணக்குக் கேட்கிறேன்.

கணக்கு என்றால் பழையதும் இருக்கிறது. லைட் பிடிக்கிற பையன் வராத முகூர்த்த நாட்களில் நான் வருகிறேன் என்று வாசலில் நின்றிருக்கிறேன். பெண் பிள்ளை மண்டபத்தில் லைட் பிடித்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று உள்ளே போகச் சொன்னீர்கள். கேமராவைத் தொட்டால் அடி விழும். அதே மண்டபங்களில் விடிய விடிய நின்ற காசில்தான் என் கல்லூரிக் கட்டணம் போனது. இதை நான் எழுதாவிட்டால் மதினி சொல்வார், எழுதினால் நீங்கள் கோபப்படுவீர்கள். இரண்டும் நடந்த விஷயம். ஒன்றுக்கு ஒன்று ஈடாக வைத்துக் கழித்துவிட எனக்கு வரவில்லை.

அன்று மாலை உங்களிடம் கிராஃபோர்டு கிரீன்வால்ட்டைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கும். டூபாண்ட் என்ற அமெரிக்க ரசாயனக் கம்பெனியின் தலைவர், படித்தது வேதிப் பொறியியல். 1950களில் ஃபிளாஷ் கருவிகளைச் சுமந்துகொண்டு தென் அமெரிக்கா வரை போய் ஹம்மிங்பேர்டுகளைப் படம் எடுத்தார். அவருக்கும் முன்பு, 1930களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன் மின்னல் வேக ஒளியால் இதன் சிறகை நிறுத்திக் காட்டினார். நீங்கள் செய்தது அதே வழிதான், யாரும் சொல்லித் தராமல் செய்திருக்கிறீர்கள் என்று பெருமையாகத்தான் சொன்னேன். நீங்கள் கடலையைக் கொறித்துக்கொண்டே, "அந்தக் கம்பெனிக்காரருக்கு லைட் பிடித்தவன் பேர் என்ன?" என்று கேட்டீர்கள்.

கிண்டல் என்று நினைத்தேன். அடுத்த மாதம் அந்தப் படிவத்தை நிரப்பும்போது கூட அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வரவில்லை. மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஊருக்குத் திரும்பும்போது மூன்று ஃபிளாஷ்களையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனீர்கள். பெட்டி கனக்கிறது என்றீர்கள். கருப்பட்டி எல்லாம் தீர்ந்துபோன பெட்டி எப்படிக் கனக்கும்? அப்போதே மூட முடிவு செய்துவிட்டீர்கள். மதினிக்குக் கூடத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால், மதினி, என்னை மன்னியுங்கள், இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது.

எலுமிச்சை மரத்தில் இப்போது ஒரு பெண் பறவை அடைகாக்கிறது. பஞ்சும் சிலந்தி நூலும் வைத்துக் கட்டிய கிண்ணம், வெளியே பாசிச் செதில்கள், உள்ளே காப்பிக்கொட்டை அளவில் இரண்டு முட்டைகள். கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். நிறத்தோடு மின்னுகிறவன் குப்பிக்குக் காவல் இருந்து மற்றவர்களை விரட்டுவதோடு சரி. நீங்கள் படம் கேட்பீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வைக்க மாட்டேன், மறைக்கிற கிளையை வெட்டவும் மாட்டேன். தூரத்தில் இருந்து எடுத்தது ஒன்று இருக்கிறது, கலங்கலாக. கட்டைவிரல் அனுப்புவதாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

அட்டையில் இனி இரண்டு பெயர்கள் வரும். ஒளி அமைப்பு என்று உங்கள் பெயர் மேலே, ரிமோட் என்று என் பெயர் கீழே. அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று நூலகத்து அம்மாள் சொன்னார். எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் மட்டும் போதுமா, ஸ்டுடியோ பெயரும் சேர வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். பெயரே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அதை நான் ஏற்கப் போவதில்லை. ஃபிளாஷ்களை அனுப்பவா, வைத்துக்கொள்ளவா என்பதையும் சொல்லுங்கள். மருமகன் மூலமாக வேண்டாம், நீங்களே போன் செய்யுங்கள். இங்கே இரவு பத்தரை வரை விழித்திருப்பேன், உங்களுக்கு அது மறுநாள் மதியம்.

தங்கை