பந்தியில் எழ முடியாத அன்று

ஈரோடு,
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபப்படாதே. நீயும் போன் எடுப்பதில்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். நாம் ரயில் ஓட்டிய காலத்தில் டூட்டிக்கு நடுவே தங்கிய ரன்னிங் ரூம் சமையல்காரரைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். முதலில் உன் முட்டைக் கணக்கைத்தான் கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் பேரன் காதுகுத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். தரையில்தான் பந்தி. சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு எழப் பார்த்தால், எழ முடியவில்லை. வலி ஒன்றும் இல்லை, தொடை தூக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன். அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். கடைசியில் மருமகன்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஒரு கையில் டூட்டிச் சாமான் வைக்கும் லைன் பாக்ஸ், மறு கையில் கம்பி என்று முப்பத்தாறு வருஷம் ஜல்லியிலிருந்து இன்ஜின் ஏறிய கால் மாப்ளே இது. அன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

மகள் விடவில்லை, பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிப் போனாள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னது அந்தப் பெண். 30 விநாடியில் 8 தடவை எழுந்தேன். 65லிருந்து 69 வயது ஆணுக்கு 12க்குக் குறைந்தால் கீழே விழுகிற ஆபத்து அதிகமாம். எனக்குச் சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். அதைச் சொன்னேன். நடப்பது நெஞ்சுக்கு நல்லது, தொடைச் சதைக்கு அது மட்டும் போதாது என்றது.

வேலையில் இருந்தவரை, 55க்கு மேல் வருஷா வருஷம் பி.எம்.இ. என்று மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டுக் கண்ணையும் காதையும் சோதித்தார்கள். வண்டி ஓட்டும்போது ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் இருந்தால் டிரைவர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் விசிடி கருவியின் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து கேட்க நாதியில்லை. தூங்காத ராத்திரிக்கெல்லாம் சேர்த்து ஓய்வெடுக்கிறோம் என்று உட்கார்ந்தோம். ஆறு வருஷத்தில் தொடை கரைந்தது தெரியவே இல்லை.

கோவை நானம்மாள் பாட்டி 98 வயதில் பத்மஸ்ரீ வாங்கியபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அவங்க சின்ன வயசுல இருந்து யோகா செஞ்சவங்கடா, நமக்கு லேட்டாயிடுச்சு." அந்தப் பேச்சை நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். 1990இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக முன்பு இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. தொண்ணூறில் முடியும்போது அறுபத்தாறில் ஏன் முடியாது?

நாலு மாதமாகச் செய்கிறேன். வாரம் மூன்று நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் பாசிப்பயறுச் சுண்டல், காலையில் இரண்டு முட்டை. நேற்று எண்ணிப் பார்த்தேன், 13. பேரன்தான் கடிகாரம் பார்த்தான்.

இப்போது உன் கதை. பி.பி. மாத்திரையை நீயாக நிறுத்திவிட்டாய் என்று தங்கச்சி போனில் அழுதாள். சிவப்பு சிக்னலைத் தாண்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நாளைக்கே டாக்டரைப் பார். சண்டைக்காகச் சொல்லவில்லைடா. நம்ம பேட்சில் மிச்சம் இருப்பது ஐந்து பேர்.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். கை வைக்காத நாற்காலி ஒன்று எடுத்து வை. எண்ணுவது நான்.

உன்
மச்சான்