ஒரே மருத்துவர் இருக்கும் ஊரில்

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே மாமியாரின் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். பதில் எழுதவில்லை என்று நீ பல்லைக் கடிக்கும் ஓசை தங்கச்சிமடம் வரைக்கும் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் செவிலியராக இருக்கும் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் மருத்துவர் கெட்டிக்காரர், பரிவானவர். ஆனால் கருக்கலைப்பு தம் விசுவாசத்துக்கு விரோதமானது என்று வந்த வாரமே சொல்லிவிட்டார். சென்ற மாதம், கணவன் விசைப்படகுக்குப் போகிற, மூன்று பிள்ளைகள் பெற்ற ஒருத்தி, கருத்தடை தவறி வந்து நின்றாள். முடியாது என்றவர், வேறெங்கே போகலாம் என்று சொல்லவில்லை. அவள் யாரிடமோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, பழைய கைலியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, அதுவும் நனைந்து வழிய, நள்ளிரவில் ஆட்டோவில் வந்திறங்கினாள். விடியும்வரை நின்று சுத்தம் செய்து காப்பாற்றியவரும் அதே மருத்துவர்தான். அதனால் எனக்கு ஒழுங்காகக் கோபப்படவும் முடியவில்லை.

நீ வேலை பார்க்கும் பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், உயிராபத்து, மீளாத கடும் பாதிப்பு போன்ற நிலைகள் தவிர மற்ற நேரங்களில், மருத்துவரும் செவிலியரும் மனசாட்சிப்படி விலகிக்கொள்ள இடம் தருகிறது; கிளாஸ்கோவின் பிரசவச் செவிலியர் இருவரின் வழக்கில், மேற்பார்வை பார்ப்பதற்கெல்லாம் அந்த விலக்கு செல்லாது என்று 2014இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னதை நீதான் எழுதியிருந்தாய். நம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே இல்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளோ, மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்கின்றன. தமக்கு அதில் திறமை போதாது என்று கருதுபவருக்கு மட்டும் விலக்கு. ஆக, உள்ளதைச் சொல்லி மறுப்பவர் விதியை மீறியவர், "எனக்குப் பழக்கமில்லை" என்று பொய் சொல்பவர் தப்பிவிடுவார்!

ஜெபமாலை உருட்டுகிறவள் பேசுகிற பேச்சா இது என்று சிரிக்காதே. அவருடைய மனசாட்சியை நான் மதிக்கிறேன். பத்து மருத்துவர் இருக்கும் மதுரையில் ஒருவர் மறுத்தால் அடுத்த அறைக்குப் போகலாம். இங்கே மறுத்தால் ராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும், அன்றைய கூலி போகும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். மனசாட்சி மருத்துவருடையது, செலவு அவளுடையது.

அரசு மருத்துவமனையின் பெயரையாவது சீட்டில் எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்று கேட்டுவிட்டேன். "அனுப்பி வைப்பதும் பங்கெடுப்பதுதானே சிஸ்டர்?" என்றார். சீட்டை இனி நானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், அவர் தடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது என்னை விடவில்லை. உங்கள் வார்டில் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்? விவரமாக எழுது.

அன்புடன்,
ஜெசி