என் தங்கச்சி பால்மாவுக்குப் போகவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் மதமாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். “ஒரு பால்மாப் பைக்கற்றுக்கும் நாலு கூரைத் தகரத்துக்கும் வன்னிச் சனம் சாமியை மாற்றுகிறது” என்ற வரியைத் தவிர வேறொன்றும் மனதில் நிற்கவில்லை. எழுதியவர் இங்கே எத்தனை நாள் தங்கினார் என்று எனக்குத் தெரியாது. அதை அச்சுக்கு அனுப்பியவர் நீங்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் சைவக்காரி. வற்றாப்பளை அம்மனுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் நேர்த்தி வைத்து வளர்ந்தவள். கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வரலாறு படிப்பித்து இளைப்பாறியவள். என் கூடப்பிறந்த தங்கச்சி இன்று கிறிஸ்தவ சபைக்குப் போகிறாள். எனக்கு அதில் துக்கம் கொஞ்சமல்ல. எங்கள் அம்மா கும்பிட்ட அம்மன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். பொங்கல் படைத்துக் கொடுத்தால் வாங்கமாட்டாள். சபைக்காரர் இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் பால்மாவுக்குப் போகவில்லை.

2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் அவளுடைய கணவரை இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதைக் கண்ணால் கண்டவள் அவள். அதன்பிறகு ஆளைப் பற்றித் தகவல் இல்லை. அவளுக்குச் செட்டிக்குளம் அகதி முகாம். வெளியே வந்து ஊரில் குடியிருக்கத் தொடங்கிய பிறகுதான் மற்ற வேதனை. பொட்டு வைத்தால், “இன்னும் பொட்டு வைக்கிறியோ?” என்று சொந்தக்காரர் கேட்டார்கள். வைக்காவிட்டால், “அப்ப என்ர பிள்ளை இல்லையெண்டு முடிவெடுத்திட்டியோ?” என்று மாமியார் அழுதார். ஆள் செத்துவிட்டதாக எண்ணி அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடி என்றார் ஒரு பெரியவர். உடலும் இல்லை, நாளும் தெரியாது, எந்தத் திதியில் செய்வது? எங்கள் குடும்பத்துச் சாமத்தியச் சடங்கு ஒன்றில் ஆலாத்தித் தட்டைத் தூக்கப் போனவளிடம், “நீ வை பிள்ளை” என்று சொல்லி ஒருவர் தட்டை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் சடங்குகளுக்குப் போவதில்லை.

கோயிலுக்குப் போய்த் தூணோடு சாய்ந்திருப்பாள். என்ன பிள்ளை என்று கேட்க அங்கே ஆளில்லை. ஐயரைக் குறை சொல்லமாட்டேன், நாலு கோயிலுக்கு ஓடி ஓடிப் பூசை வைக்கிற மனிதர் அவர். நிர்வாகசபைக்குக் கும்பாபிஷேகக் கணக்கு. அந்த நாட்களில் அவளுடைய படலையைத் திறந்து வந்தவர்கள் யார் யார் என்று சொல்கிறேன்: விசாரணைக்கு வந்தவர்கள், நுண்கடன் தவணை கேட்டு வந்தவர்கள், சபையிலிருந்து வந்த இரண்டு பெண்கள். அந்தப் பெண்கள் இருவரும் பாயில் இருந்து அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். கணவரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவில்லை. அடுத்த கிழமையும் வந்தார்கள்.

இன்று அவள் கூலிவேலைக்குப் போய்க் கொண்டுவருகிற காசில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்கிறாள். தசமபாகமாம். கொடுக்காதே என்று நானே சண்டை பிடித்திருக்கிறேன். கொடுக்கிறவளைப் பார்த்து வாங்கிவிட்டாள் என்று எழுதுவது என்ன நியாயம்?

பொருளுக்கும் பதவிக்கும் மாறிய சனம் எங்கள் மண்ணில் இருந்ததுண்டு. அதுவும் உங்களுக்குத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். எடுத்தார்கள். 1796இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்ததும் அந்தக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலானோர் திருநீற்றோடு கோயில் வாசலில் நின்றார்கள். அதே ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்கம் என்ன ஆனது? 1670 அளவில் மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்த வன்னிக் காட்டுக்குள் ஓடிவந்தார்கள். ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கினார். கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, பிடிபட்டால் சிறை. அந்தக் கத்தோலிக்கம்தான் நிலைத்தது. அந்த மாதா இருக்கும் மடுக் கோயில் வளவில் ஆடி மாதம் எத்தனை சைவக் குடும்பங்கள் கொட்டில் போட்டுத் தங்குகின்றன என்பதும் நீங்கள் அறியாததல்ல.

ஆசிய நாடுகளையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, மேற்கத்தியக் காசு என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். கொரியாவில் கத்தோலிக்கத்தைத் தொடங்கியது எந்த வெள்ளைக்காரப் பாதிரியாரும் அல்ல. 1784இல் யி சுங்ஹூன் என்ற கொரியர் பீக்கிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிவந்து தன் நண்பர்களுக்குக் கொடுத்தார். 1919இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள். இன்று தென்கொரியாவில் நாலில் ஒருவர் அளவில் கிறிஸ்தவர். பக்கத்திலுள்ள ஜப்பானில் மிசனரிமார் நடத்திய பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தும் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். காசுதான் காரணமென்றால் இந்த இரண்டு நாடுகளையும் எப்படி விளங்கிக்கொள்வது?

எங்களுடைய பக்கத்துக் காரணத்தை யாரும் எழுதுவதில்லை. சாதி பார்த்துக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் உள்ளே போக வந்தவர்களை அடித்துத் துரத்தினார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய சனத்தை இன்றைக்கும் ‘தோட்டக்காட்டார்’ என்று சொல்லும் வாய்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். திருவிழா உபயம் கேட்டுப் போன ஒரு தகப்பனை, உங்களுக்கு இங்கே உபயம் இல்லை என்று திருப்பி அனுப்பிய கதையை அந்தப் பிள்ளையே எனக்குச் சொன்னாள். அவர்களில் ஒரு குடும்பம் சபைக்குப் போனால் மட்டும் எங்களுக்குச் சமயப்பற்று வந்துவிடுகிறது. ஆறுமுக நாவலர் பாதிரிமாரைக் கண்டித்ததோடு நிற்கவில்லை, 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்தப் பாதியை ஏன் மறந்துபோனோம்?

வெள்ளம் வந்தால், புதைகுழியில் எலும்புக்கூடு எடுத்தால் உங்கள் இதழ் வன்னிக்கு வரும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது ஒரு படம் போட்டீர்கள். ஒரே பந்தலில் திருநீறு பூசிய தாயும் செபமாலை பிடித்த தாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மாதங்கள் போயின, பிறகு நீங்கள் வரவில்லை. அதைப் பற்றி நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. அப்போது யாரும் வந்து அவர்களோடு இருந்திருந்தால், இப்படி ஒரு வரி எழுதக் கை வந்திராது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கட்டுரையோடு போட்ட படத்தில் தகரக் கொட்டிலுக்குள் கைகூப்பி நிற்கும் பெண்களில் முன்னால் நிற்பவள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவள். முகம் தெளிவாகத் தெரிகிறது. படம் எடுத்தவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் ‘பால்மா’ என்று கூப்பிடுகிறார்கள். பிள்ளை இந்தக் கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. உங்கள் இணையப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் போட்டோம், வருந்துகிறோம் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைப் போட இடமில்லை என்றாலும் அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை,
கிளிநொச்சி.